கை காட்டித் திரும்பியவன்

அத்தியாயம் ஏழு

பயம் வந்தால் ரேடியோவுக்கு வாய் நீளும். அன்று காலை எழுந்ததிலிருந்து அவன் வாய் ஓயவே இல்லை.

"அத்தை, எனக்கு வயிறு சரியில்ல. வயிறு சரியில்லாதவன் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"எந்தச் சட்டம்?"

"இனிமே போடுவாங்க."

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாகக் கை கால் உடைத்துக்கொண்டவர்களைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள் அவள். வேலையை விட்ட பிறகு ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் போட்டாள். உதவிக்கு அண்ணன் மகனைச் சேர்த்துக்கொண்டாள். முப்பது வயதைத் தாண்டிய அந்த அண்ணன் மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓயாமல் பேசுவதால் ரேடியோ. அந்தப் பெயரை அவன் அம்மாவே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

லைசென்ஸ் தேர்வு மைதானத்தின் வாசலில் அவர்களோடு மூன்றாவதாக ஒருத்தி நின்றாள். மருந்துக்கடை அக்கா. இடது கை மாவுக்கட்டில் இருந்தது.

அவளுடைய ஒரே தம்பி போன மாதம் இதே மைதானத்திலிருந்து லைசென்ஸ் தேர்வுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இவள் வாசலிலேயே காத்திருந்தாள், அவன் திரும்பி வரவில்லை. நீர்த்தேக்கத்துச் சாலை வளைவில் வழுக்கி, பாறையில் மோதிவிட்டான் என்றார்கள். மழை நாள், புதுசாக ஓட்டுகிறவன், விபத்து. அவளும் அப்படித்தான் நம்பினாள். அத்தையிடம் அவள் வந்தது தம்பிக்காக அல்ல, தன் உயிருக்காக. கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒருவன் இரண்டு முறை அவள்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றப் பார்த்திருக்கிறான்.

"ரெண்டாவது தடவை நடந்ததை இவனுக்கும் ஒரு தடவை சொல்லுங்க" என்றாள் அத்தை.

"காலையில கடை திறக்கப் போறேன். சந்துல ஈ காக்கா இல்ல. பின்னாடி சத்தம் கேட்டுத் திரும்பினா, மேலேயே வர்றான். ஒதுங்கினதுல ஷட்டர்மேல போய் விழுந்தேன். கை போச்சு. அவன் நிக்கல. சந்து முனை வரைக்கும் பறந்தான். அங்க போய்..."

"அங்க போய்?"

"தலையைத் திருப்பி, தோளுக்கு மேல பின்னாடி பார்த்தான். இடது கையை நல்லா நீட்டினான். அப்புறம்தான் இடது பக்கம் திரும்பினான்."

ரேடியோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். "எங்க தெருவுல பால் ஊத்துறவரு பிறந்ததுலேர்ந்து கை காட்டினதில்ல. கொலை பண்ண வந்தவன் காட்டுறான். இவ்வளவு ஒழுக்கமான ஆளை உள்ள தள்ளிட்டா நாடு எப்படி உருப்படும்?"

"அதான்டா துப்பு" என்றாள் அத்தை. "பதறிப்போய் ஓடுறப்போ மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். யாருமே இல்லாத சந்துல எவன் கை காட்டுவான்? கை காட்டலைன்னா பெயில், கை காட்டலைன்னா பெயில்னு தினமும் காதுல விழுந்துக்கிட்டே இருக்கிறவன். அவன் இந்த மைதானத்து ஆளு."

"லைசென்ஸ் எடுக்க வர்ற எவனோ ஒருத்தன்."

"இருக்கலாம்."

அத்தையின் 'இருக்கலாம்' ரேடியோவுக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

திட்டம் எளிமையானது. அக்கா காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, யார் யார் எப்படி ஓட்டுகிறார்கள் என்று ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். யாருடைய முதுகாவது அந்த முதுகு மாதிரி இருந்தால் அத்தையிடம் சொல்ல வேண்டும். ரேடியோ தேர்வுக்கு வந்தவனாக மற்றவர்களோடு கலந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் ஏற்கெனவே இங்கே வந்து, கூம்புகளையெல்லாம் தட்டிவிட்டுத் தோற்றவன்தான்.

"தம்பி, பார்த்துப் போங்க" என்றாள் அக்கா. 'தம்பி' என்ற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தடுக்கியது.

காத்திருப்பு அறையில் இரும்பு நாற்காலிகள். மடியில் ஹெல்மெட்டோடு ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரெங்கும் சாலைக் குறியீடுகள். மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் ஒலிபெருக்கியும் மைக்கும் வைத்த ஒரு வயர்லெஸ் செட். தேர்வு நடக்கும்போது அதிகாரி இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்து, ஓட்டுகிறவனின் காதுக்குள் வழி சொல்லுவார். வழியில் ஏதாவது ஆனால் அலுவலகத்துக்கும் தெரியட்டும் என்று அந்த செட்.

ரேடியோ அத்தையின் காதருகே குனிந்தான். "அந்த ஜிம்காரனைப் பாருங்க. கழிவறைக்குப் போறப்போகூட கை காட்டித் திரும்பினான். இவன்தான்."

"அவன் பயத்துல பயிற்சி பண்றான். நீ பேசாம இரு."

அப்போது தேர்வு அதிகாரி உள்ளே வந்தார். மைதானத்தில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். பெயில் என்று சொன்னாலும் தூங்க வைக்கிற மாதிரி சொல்லுவார். மெலிந்த உடம்பு, கசங்காத சட்டை. அறையை ஒருமுறை பார்த்தவர் நேராக மருந்துக்கடை அக்காவிடம் வந்தார்.

"என்னம்மா, நீங்க இங்க?"

"இவருக்குத் துணையா வந்தேன் சார்" என்று அக்கா ரேடியோவைக் காட்டினாள். அவர் போனதும் மெல்லச் சொன்னாள். "தம்பி போனப்போ வீடு தேடி வந்து அழுதாரு. தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் மேஜையருகே நின்று செட்டின் பொத்தானை இடது பக்கம் திருகி அணைத்தார். "ஒரே இரைச்சல்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு ரேடியோவைப் பார்த்துச் சிரித்தார். "முதல்ல நீங்க வாங்க."

முதலில் போக வேண்டியவன் ஜிம்காரன். அவன் வாயைத் திறந்தான். பிறகு, தப்பித்தோம் என்பதுபோல் மூடிக்கொண்டான்.

வெளியே அதிகாரி ரேடியோவின் காதில் சின்னக் கருவியைப் பொருத்திவிட்டார். "நான் பேசுறது உங்களுக்குக் கேக்கும். நீங்க பேசுறது எனக்குக் கேக்காது."

"இப்படி ஒரு ஏற்பாட்டைத்தான் சார் எங்க வீட்ல பல வருஷமாத் தேடுறாங்க."

அவர் சிரித்தார். ரேடியோவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் வழக்கம்போல் அடுத்ததும் வந்தது. அவருடைய வண்டியைக் காட்டி, "என்ன சார், ஒரு கண்ணாடி பழசு, ஒண்ணு பளபளன்னு புதுசு? அண்ணனும் தம்பியுமா?" என்றான்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. வாசற்படியில் நின்றிருந்த அத்தை சட்டென்று தலையை நிமிர்த்தினாள். பிறகு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

கூம்புகளுக்கு நடுவே எட்டுப் போடும்போது ஒன்றைக்கூட ரேடியோ தட்டவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரொம்ப நல்லா பண்றீங்க" என்றது காதுக்குள் அந்த மென்மையான குரல். "இப்ப ரோட்டுக்குப் போகலாம். கேட்டைத் தாண்டி இடது பக்கம்."

இடது. நேரே. சிக்னலில் நின்று மறுபடி இடது. ரேடியோ சொன்னபடியெல்லாம் செய்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியைப் பார்த்தான், தோளுக்கு மேல் பார்த்தான், விளக்கைப் போட்டான். பாஸாகிவிடுவோமோ என்ற எண்ணம்கூட வந்தது.

குடியிருப்புத் தெரு ஒன்றில் திரும்பும்போது கண்ணாடியில் அதிகாரியைப் பார்த்தான். தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை. அவருடைய வண்டியில் மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அதுவே போதும். ஆனாலும் அவர் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பின்னால் பார்த்தார். இடது கையை நல்லா நீட்டினார். அப்புறம்தான் திரும்பினார்.

ரேடியோ கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கை காட்டலைன்னா பெயில். அதைத் தினமும் கேட்கிறவன் மட்டுமா இந்த மைதானத்து ஆள்? தினமும் சொல்லுகிறவன்?

"அடுத்த முனையில வலது பக்கம்" என்றது குரல்.

தேர்வுக்குப் போகிற வழி இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த முனையில் இடது பக்கம் திரும்பி, கடைத்தெரு வழியே மைதானத்துக்கு வர வேண்டும். வலது பக்கம் போனால் நீர்த்தேக்கத்துச் சாலை; போன மாத விபத்துக்குப் பிறகு தேர்வை அந்தப் பக்கம் விடுவதே இல்லை.

திரும்பாமல் நின்றுவிடலாமா? பின்னால் அந்த வண்டி ஒட்டிக்கொண்டு வந்தது. நின்றால் இடிக்கும். ரேடியோவின் கைகள், யாருடைய கைகளோ போல, வலது பக்கம் திரும்பின.

வீடுகள் முடிந்தன. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் சரிவு, கீழே தண்ணீர். தடுப்புச் சுவர் கிடையாது.

"தோள்பட்டையை இறுக்காதீங்க. தளர்த்துங்க" என்றது குரல், அதே கனிவோடு. "இப்ப ஒண்ணு கேக்குறேன். ஆமான்னா தலையை ஆட்டுங்க. இல்லைன்னா சும்மா இருங்க. கண்ணாடியைப் பத்தி அந்த மருந்துக்கடையம்மா உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

எந்தக் கண்ணாடி? ரேடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்க வழியில்லை. தலையை ஆட்டாமல் கல் மாதிரி இருந்தான்.

காதுக்குள் ஒரு பெருமூச்சு. "அப்ப வாசல்ல எதுக்குங்க கேட்டீங்க, அண்ணனும் தம்பியுமான்னு?"

நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. அது ஜோக்கு சார், வெறும் ஜோக்கு என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினான். கத்தல் கண்ணாடி மூடியில் ஆவியாகப் படிந்தது. அவ்வளவுதான்.

"நான் கெட்டவன் இல்ல" என்றது குரல். "அன்னைக்கு மழை. நான் ரொம்ப ஒட்டி வந்துட்டேன். இடைவெளி விடுங்க, இடைவெளி விடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். குறுக்க ஒரு நாய் வந்துச்சு. அந்தப் பையன் பிரேக் பிடிச்சான். அழகாப் பிடிச்சான். நான்தான் போய் முட்டினேன். என் கண்ணாடி அவன் முதுகுல பட்டு உடைஞ்சுது, அவன் பாறைமேல போய் விழுந்தான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவனே வழுக்கி விழுந்தான்னு சொல்லிட்டேன்."

சாலை வளைந்து வளைந்து ஏறியது. வண்டியின் கைப்பிடி ரேடியோவின் உள்ளங்கையில் வழுக்கியது.

"அப்புறம் ஒரு நாள் அந்தம்மா கடைக்கு மாத்திரை வாங்கப் போனேன். 'சார், அன்னைக்கு நீங்க மட்டும் திரும்பி வந்தப்போ வண்டியில ஒரு கண்ணாடி இல்லையே, மாத்திட்டீங்களா'ன்னு கேட்டாங்க. ஒண்ணும் நினைச்சுக் கேக்கல, சும்மா அக்கறையாத்தான் கேட்டாங்க. ஆனா என்னைக்காவது ஒரு நாள் யோசிப்பாங்க இல்ல? அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் போச்சு."

ரேடியோ கண்ணாடியைப் பார்த்தான். அதில் சாலையே தெரியவில்லை. அவருடைய முகப்பு விளக்கு மட்டும்தான், முழுசாக.

"அதோ அந்த வளைவுதான். ஒரே வளைவுல ரெண்டு பேர் விழுந்தா எல்லாரும் ரோட்டைத்தான் திட்டுவாங்க. வேகத்தைக் கூட்டுங்க."

கூட்டினால் சரிவு. குறைத்தால் அவர். ரேடியோ அம்மாவை நினைத்தான். பிறகு அத்தையை நினைத்தான், கோபமாக. இருக்கலாமாம், இருக்கலாம்!

காதுக்குள் கரகரவென்று ஏதோ உரசியது.

"டேய் ரேடியோ." அத்தையின் குரல். "கத்தாத, திரும்பிப் பார்க்காத. கையை நீட்டிட்டு, மெதுவா இடது ஓரமா ஒதுங்கு."

ரேடியோ திரும்பாமல் சாலையையே பார்த்தான்.

"சார், உங்களுக்கும்தான் சொல்றேன்" என்று அத்தை தொடர்ந்தாள். "நீங்க அணைச்சுட்டுப் போன செட்டைத் திரும்பப் போட்டது நான்தான். நாய் குறுக்க வந்ததுலேர்ந்து, ரோட்டைத் திட்டுவாங்கங்கிறது வரைக்கும் இந்த அறையே கேட்டுடுச்சு. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. போலீஸ் கிளம்பியாச்சு. அவனைத் தள்ளிவிட்டா உங்களுக்கு இனிமே ஒரு பிரயோஜனமும் இல்ல."

ரேடியோ கையை நீட்டினான். வண்டியை ஓரமாக ஒதுக்கினான்.

பின்னால் இருந்த வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை.

இயந்திரத்தின் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் வருகிறானே என்று நினைத்தபோது ரேடியோ கண்களை இறுக்க மூடிக்கொண்டான். அனல் மாதிரி ஒரு காற்று முழங்காலை உரசிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்தபோது அவர் அவனைத் தாண்டிப் போயிருந்தார். வளைவுக்குச் சற்று முன்னால் அந்த வண்டி தடுமாறியது, மெதுவானது, சாலையோரத்தில் நின்றது. அவர் ஒரு காலை ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. ரேடியோவுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ரேடியோவும் நிறுத்தினான்.

காதில் இரைச்சல். பிறகு வேறொரு குரல்.

"சார், நான்தான்."

மருந்துக்கடை அக்கா. அந்த முதுகு லேசாகக் குலுங்கியதை ரேடியோ பார்த்தான்.

"அங்கேயே போயிட்டான்னு சொன்னீங்க. பட்டதும் போயிட்டான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு எங்க வீட்ல உட்கார்ந்து சொன்னீங்க. நிஜமா சார்?"

சரிவுக்குக் கீழே தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா."

"உயிரோட இருந்தானா?"

"இருந்தான்."

"பேசினானா?"

"பேசினான்மா."

"என்ன பேசினான்?"

ரேடியோவுக்குக் காதிலிருந்து கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் போல் இருந்தது. இதைக் கேட்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. ஆனால் ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்க விரல்கள் வரவில்லை.

"'சார், நான் சரியாத்தான் பிரேக் பிடிச்சேன்'னான்." தாலாட்டுக் குரல் இப்போது உடைந்து கரகரத்தது. "'பெயில் பண்ணிடாதீங்க சார்'னான்."

செட்டில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது அக்காவா, அறையில் நின்றிருந்த வேறு யாராவதா தெரியவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் சொல்லலம்மா. வண்டியைத் திருப்பிட்டேன்."

காதுக்குள் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது, மைக் எதிலோ மோதியது, இரைச்சலும் நின்றுபோனது.

முன்னால் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை அவர் ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், தண்ணீருக்குள் போய்விடலாம், அல்லது திரும்பி இவன்மேல் வரலாம். ஊர்ப் பக்கத்திலிருந்து ஜீப் ஏறிவரும் சத்தம் எங்கோ கீழே, மிகத் தொலைவில் கேட்டது.

வேண்டாம், நில்லு, அவங்க வரட்டும் என்று ரேடியோவின் உடம்பு முழுக்கச் சொன்னது. அவன் இறங்கினான். நடந்து போய், அவர் பக்கத்தில் நின்று, கையை நீட்டி வண்டியின் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டான்.

அவர் தடுக்கவில்லை.